பையின் பின்பக்கம்

முன்பக்கத்துக் கோழிக்காலை எனக்குத் தெரியும்.
அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மெஷின், இரவு ஷிஃப்ட்.
மஞ்சளுக்கு மேல் மெஜந்தா கொஞ்சம் கூட ஓட்டி
அதைப் பொன்முறுவலாக வறுத்தது நான்தான்.
அடுப்பில்லை, எண்ணெயில்லை.
கிலோமீட்டர் கணக்கில் வறுத்திருக்கிறேன்.

அதனால் வில்லிவாக்கம் கடையில்
பையைக் கையில் எடுத்ததும்
திருப்பினேன்.

சில்லறைக்கு ஆறு வயது.
பாடி மேம்பாலத்தடி டீக்கடையில்
பாக்கிச் சில்லறை இல்லையென்று கடைக்காரர் கைவிரித்த அன்று
அதற்குப் பதிலாக என் பின்னால் நடந்து வந்தவள்.
ஒரு காது நிற்கும். மற்றது
எதையோ மறந்துவிட்ட மாதிரி மடங்கியே இருக்கும்.
ஆவணியிலிருந்து சொறிகிறாள்.
விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடியில்லை.

வேப்பேரியில் டோக்கன் எண்பத்தேழு.
எனக்கு முன்னால் ஓர் ஆடு,
பின்னால் கூடைக்குள் மூச்சு வாங்கும் கிளி.
டாக்டரம்மா முடியை விலக்கிப் பார்த்தார்.
'என்ன போடுறீங்க?'
சொன்னேன்.
'அதுல என்னென்ன இருக்குன்னு படிச்சிருக்கீங்களா?'
அச்சடித்தவனைப் பார்த்துக் கேட்கிறார்.

நாலு பாயிண்ட் எழுத்து.
அதைவிடச் சின்னதாய்ப் பிளேட் எடுத்தால்
எழுத்தின் வயிறு மையில் அடைத்துக்கொள்ளும்.
கடை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து வாசித்தேன்:
முதலில் சோளம். அப்புறமும் சோளம், வேறு பெயரில்.
கோதுமைத் தவிடு. சோயா.
எட்டாவது இடத்தில் கோழி,
அதுவும் கோழியில்லை, கோழி சார்ந்த பொருட்கள்.
சார்ந்த.
அலகும் சார்ந்ததுதான், நகமும் சார்ந்ததுதான்,
பார்க்கப்போனால் கூண்டும்.

'இதுதாண்ணே நல்லா மூவ் ஆகுது' என்றான் இர்ஃபான்.

அடுத்த பையில் முதல் சொல்லே மீன்.
பிறகு அரிசி, பூசணி, மீனெண்ணெய்.
விலையைப் பார்த்ததும்
கை தானாக அதைத் தட்டில் வைத்துவிட்டது.
மூன்று கிலோவுக்கு என் நாலு ஓவர்டைம்.

'லூஸ்ல தரட்டுமா?'
மூலையில் வாய் திறந்த சாக்கு.
ஐப்பசி ஈரத்தில் உருண்டைகள் நமுத்து
எண்ணெய் காறிய வாடை.
கண்ணாடிக் கவரில் அரைக்கிலோ கட்டித் தருவானாம்.
அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.
தேதியும் இல்லை.

மறுபடி மீன் பையை எடுத்தேன்.
புரதம் இருபத்தாறு, கொழுப்பு பதினான்கு,
சாம்பல் எட்டு சதம்.
சாம்பலா?
இர்ஃபானுக்கும் தெரியவில்லை.
ஓனருக்குப் போன் போட்டான்.
'எரிச்சா மிஞ்சுறது, உப்புச் சத்து, எல்லாச் சாப்பாட்டுலயும் உண்டு' என்று
ஸ்பீக்கரில் வந்தது பதில்.
கேன்டீன் எலுமிச்சை சாதம் ஞாபகம் வந்தது.
பதினோரு வருடமாய்ச் சாப்பிடுகிறேன்,
அதற்குப் பின்பக்கம் கேட்டதில்லை.

ஒரு கிலோதான் வாங்கினேன்.

முதல் வாரம் பழசு முக்கால், புதுசு கால்
என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.
டீ டம்ளரால் அளந்து கலந்து வைத்தேன்.
சில்லறை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.
மீன் உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு
என் கோழிக்கால்களைத்
தரையில் தனித்தனியாக எடுத்து வைத்தாள்.
இத்தனை நாளும் தின்றவள்தான்.

கவிழ்ந்து பையைப் பார்த்தேன்.
நீலம் அரை மில்லி விலகியிருக்கிறது.
மீனுக்கு இரண்டு விளிம்பு, இரண்டு கண்ணிமை.
எவனோ தூக்கக் கலக்கத்தில் ஓட்டியிருக்கிறான்.
எங்கள் சூப்பர்வைசர் துரைக்கண்ணு என்றால்
மொத்த ரோலையும் ஓரங்கட்டியிருப்பார்.

ராத்திரி விளக்கணைத்துப் படுத்து
அவள் சொறியும் சத்தத்தை எண்ணினேன்.
நேற்று விடியும்வரை நாற்பத்தொன்று.
இன்று பதினேழு வரை நினைவிருக்கிறது.
அதற்கப்புறம் நின்றது அவளா,
தூங்கிப்போனது நானா,
தெரியவில்லை.